கள்ளியங்காட்டு நீலி வேஷத்தில் பெல்லி டான்ஸ்: உடை, தாளம், கள்ளிக்கொம்பு

குழித்துறை ஆட்டக்காரி:
திருவனந்தபுரத்தில் பெல்லி டான்ஸ் போட்டி. ஃப்யூஷன் பிரிவு, தனி ஆட்டம், 4 நிமிடம். கள்ளியங்காட்டு நீலியை எடுத்திருக்கிறேன். நம்ம பக்கத்து வில்லுப்பாட்டில் வருகிற நீலிதான், கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வணிகனைத் துரத்துகிறவள். முதல் பகுதியில் செட்டு முண்டு உடுத்து, வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்கிற பெண். பிறகு யட்சி. முண்டுக்குள்ளே மணி வைத்த பிராவும் இடுப்புப் பெல்ட்டும் இருக்கும்.

முண்டு எந்த இடத்தில் அவிழணும், சிக்காமல் அவிழ எப்படித் தைக்கணும்? பாலராமபுரம் கைத்தறியே போதுமா? கோரைப்பல், விக், கள்ளிக்கொம்பு மூன்றும் வேணுமா, எதையாவது குறைக்கணுமா? தாள வரிசையும் சொல்லுங்க. திரவம், பொடி, நெருப்பு மேடையில் கூடாது என்று விதியில் இருக்கிறது.

சாலைக்கடைத் தையல்:
கைத்தறி உடுத்தி நிற்க அழகு, ஆட்டத்துக்கு விறைப்பு. சுற்றினால் காற்றுப் பிடிக்காது. அதனால் கீழ் முண்டை மட்டும் பாலராமபுரம் துணியில் வையுங்கள். மேலே போர்த்தும் நேரியதுக்குப் பதிலாக அதே சந்தன வெள்ளையில் ஷிஃபானோ மெல்லிய பட்டோ எடுங்கள். மூன்று கஜ நீளம், 45 அங்குல அகலம். கையில் பிடித்து வீசி ஆடும் துணிக்கு வழக்கமான அளவும் அதுதான், ஆகவே நேரியதை எறிய வேண்டியதில்லை, அதையே வீசி ஆடலாம். கசவுக்கு, அதாவது சரிகைக் கரைக்கு, கால் அங்குல ரிப்பன் போதும். அகலக் கசவு வைத்தால் ஓரம் கனத்துத் துணி மிதக்காமல் தொங்கிவிடும்.

முண்டைச் செருகிக் கட்டாதீர்கள். இடுப்புக்குப் பட்டை வைத்துத் தைத்து, இடது இடுப்பெலும்பு மேல் ஒரு பேன்ட் கொக்கி, அதற்குக் கீழே இரண்டு டிச் பட்டன். வெல்க்ரோ வேண்டவே வேண்டாம். பிரியும் சத்தம் முன்வரிசைக்குக் கேட்கும், ஷிஃபானைக் கவ்வும், மணிச்சரத்தையும் இழுத்துவிடும். முதுகு காட்டும் ஒரு திருப்பத்தில் கொக்கியைக் கழற்றிவிட்டால் அப்புறம் பட்டன் மட்டும் தாங்கும், சரியான அடியில் ஒரே இழுப்பில் வந்துவிடும். இழுத்த கையோடு மேடையின் பின்மூலைக்கு வீசுங்கள். காலடியில் கிடந்தால் வெறுங்காலில் சுழலும்போது வழுக்கும்.

பெல்ட்டின் உள்பக்கம் சாட்டின் வைத்தால் வியர்வையில் நழுவும், காடாத் துணி வையுங்கள். இரண்டு இடுப்பெலும்பு, நடுமுதுகு, மூடும் இடம் என்று நாலு இடத்தில் உள்ளே போடும் ஷார்ட்ஸோடு சேர்த்து ஊக்குக் குத்தி, ஊக்கின் வாயை நூலால் சுற்றிக் கட்டணும். பிராவின் எலாஸ்டிக் தோள்பட்டையை வெட்டிவிட்டு நெகிழாத நாடா தையுங்கள். எலாஸ்டிக் இருந்தால் ஷிம்மி, அதாவது உடலை வேகமாக நடுக்கும் அசைவு, போடும்போது பிரா தனியாகத் துள்ளும், அசைவு மங்கிப்போகும்.

மணிச்சரம்தான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிற இடம். கடைசி மணியைச் சுற்றி நூலைத் திருப்பி, அதே சரத்தின் வழியாகவே மேலே ஏற்றி, துணியில் இரண்டு முடிச்சுப் போட்டு, அங்கேயே நூலை அறுத்துவிடணும். அடுத்த சரத்துக்குப் புது முடிச்சு. ஒரே நூலில் வரிசையாக ஓட்டினால் ஒரு சரம் அறுந்தாலே பக்கத்துச் சரங்களும் உதிரும். அடுத்து ஆட வருகிற பெண் வெறுங்காலோடு அந்த மணிமேல்தான் மிதிப்பாள்.

மேடைப்பக்கம்:
முண்டு அவிழ்வதை ஆட்டத்தின் உச்சமாக வைக்காதீர்கள். 4 நிமிடத்தில் பாதியை முண்டுக்குள் மறைத்தால், அந்தப் பாதிக்கு மதிப்பெண் போட நடுவரிடம் எதுவும் இருக்காது. 45 வினாடிக்குள் அவிழட்டும். அதுவரை துணிக்கு வெளியே தெரிகிற அசைவுகளையே வையுங்கள்: கை, தோள், மார்புச் சறுக்கு, பெரிய இடுப்பு வட்டம். சின்ன ஷிம்மி கைத்தறிக்குள் தெரியாது. முண்டைச் சுற்றும் விதத்துக்கு எகிப்தின் மெலாயா லெஃப் ஆட்டத்தைப் பாருங்கள். கறுப்புப் போர்வையை இடுப்போடு இறுக்கிச் சுற்றி, தளர்த்தி, மறுபடி சுற்றி, ஒரு துடுக்கான ஊர்ப்பெண்ணை மேடையில் நிறுத்துகிற ஆட்டம் அது. அந்தப் போர்வை இடுப்பை மறைப்பதற்குப் பதிலாக எடுத்துக் காட்டுகிறது. உங்கள் முண்டும் அப்படி இறுகி இருக்கட்டும்.

யட்சி என்று தெரிய வேண்டியது நடையில். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பது எல்லாரும் அறிந்தது. சுண்ணாம்பு கேட்கிற பகுதி முழுவதும் குதிகாலைத் தூக்கியே, தலை ஏறி இறங்காமல் நகருங்கள். முண்டு விழுந்ததும் முதல் முறையாகக் குதிகால் தரையில் அழுந்தட்டும். கண்ணுக்கும் ஒரு ஒழுங்கு வேணும். முதல் பகுதியில் வழிப்போக்கனை மேடையின் ஒரு முன்மூலையில் நிறுத்தி அங்கேயே பாருங்கள். அதன்பிறகு பார்வை நேராக நடுவர்கள் மேல்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கேரளக் கோயில் சடங்காட்டங்களான தெய்யம், முடியேற்று இவற்றின் முக வரைவையும் தலைக்கிரீடத்தையும் எடுக்காதீர்கள். முடியேற்று 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கிற பலருக்கு அது பட்டியல் விஷயமில்லை, சாமி. நீட்டிய கண்மையும் சந்தனக்குறியும் நீலிக்குப் போதும்.

உடுக்கு:
மக்கா, தாளத்துக்கு வருவோம். தொடக்கம் சிஃப்தெதெல்லி, மெதுவான எட்டடித் தாளம். நெளிவுக்கும் எட்டு வடிவ இடுப்புக்கும் இடம் தாராளம். முண்டு அவிழும்போது மக்சூம் தாளம், டும் டெக் இடைவெளி டெக் டும் இடைவெளி டெக். அந்த முதல் டும்மில்தான் இழுக்கணும். 2 நிமிடத்துக்கு மேல் தர்புகா என்கிற அரபு கைமேளத்தில் ஒரு தனி, 40 வினாடி. இங்கே நாடகம் வேண்டாம், சுத்தமான இடுப்பு மட்டும், இதில்தான் தொழில்நுட்ப மதிப்பெண் விழும். கடைசி 35 வினாடி அய்யூப். எகிப்தில் ஸார் சடங்கில் பெண்கள் ஆவேசம் வந்து தலை சுழற்றும் இரண்டடித் தாளம் அதுதான், நீலிக்கு அளந்து தைத்தாற்போல் இருக்கும்.

தலைச்சுழற்றலைக் கழுத்திலிருந்து தொடங்காதீர்கள். அசைவு இடுப்பில் தொடங்கி முதுகெலும்பு வழியாக ஏறி, தலை கடைசியாக வரணும். கழுத்தை மட்டும் வீசினால் மறுநாள் திரும்ப முடியாது, மேடையிலேயே தலை சுற்றும். எட்டு எட்டாகப் பிரித்து, நடுவில் நாலு அடி ஒரே புள்ளியைப் பார்த்து நில்லுங்கள்.

வில்லுப்பாட்டு வாசனை வேணுமென்றால் தர்புகாவோடு உடுக்கு சேருங்கள். கயிற்றை அமுக்கினால் ஒலி ஏறி இறங்கும், அது மெதுவான பகுதியில் அருமையாக நிற்கும். வேறொருவரின் பதிவிலிருந்து வெட்டாமல், வாசிக்கத் தெரிந்தவரை வைத்துப் புதிதாகப் பதியுங்கள். மொத்த நீளம் 3 நிமிடம் 50 வினாடி. வரம்பைத் தாண்டினால் மதிப்பெண் வெட்டுவார்கள்.

குழித்துறை ஆட்டக்காரி:
ரொம்ப உதவி. அய்யூப்பில் தலை சுழற்றும்போது விக் தாங்குமா அண்ணே? பல்லை எப்போது மாட்டுவது என்றும் புரியவில்லை.

ஒப்பனை அறை:
பல்லை விட்டுவிடுங்கள் தங்கச்சி. மேடையில் மாட்ட முடியாது, தொடக்கத்திலேயே மாட்டினால் சுண்ணாம்பு கேட்கிறவள் சிரிக்க முடியாது, எச்சில் ஊறும், வாயால் மூச்சு விடுவதும் கஷ்டம். அதற்குப் பதில் உதட்டின் உள்பக்கம் மட்டும் வெற்றிலைச் சிவப்பில் லிப் ஸ்டெயின் போடுங்கள். வாய் மூடியிருந்தால் தெரியாது. அய்யூப் தொடங்கும்போது வாயைத் திறந்தால் போதும்.

முடி தோளுக்குக் கீழே இருந்தால் விக் வேண்டாம், நீளத்துக்குக் கிளிப் சவுரி போதும். விக்தான் என்றால் சொந்த முடியை இரண்டு பின்னலாகத் தலையோடு ஒட்டிச் சுற்றி, வலைத்தொப்பி போட்டு, விக்கின் சீப்புகள் பின்னலுக்குள் இறங்கும்படி செருகி, கொண்டை ஊசிகளைப் பெருக்கல் குறிபோலக் குறுக்கே குத்துங்கள். நெற்றியோரம், இரு காதின் பின், பிடரி, எல்லா இடத்திலும். வடசேரி கெம்பு நகை போட ஆசை வரும், ஆனால் ஜிமிக்கியும் நெற்றிச்சுட்டியும் பறக்கும் முடியைப் பிடித்துவிடும். காதோடு ஒட்டிய தோடும், கழுத்தோடு இறுகிய அட்டிகையும் போதும்.

கள்ளிக்கொம்பு கட்டாயம் வேணும், நீலியை நீலியாக்குவது அதுதான். நிஜக் கள்ளியைத் தொடவே தொடாதீர்கள், பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. ஏசி குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ரப்பர் குழல் ஒன்றரை அடி வாங்கி, உள்ளே கெட்டிக் கம்பி விட்டு வளையுங்கள். கம்பியின் இரு நுனியையும் மடக்கி டேப் சுற்றணும், இல்லையென்றால் குத்தும். முதலில் நேரியதின் ஓரத்தில் பிள்ளைபோலச் சுற்றி இடுப்பில் வைத்திருங்கள். துணியை உருவும்போது கொம்பு வெளியே வரட்டும். அக்ரிலிக் பச்சை அடிக்கலாம், இடுப்பில் படுகிற பக்கத்தில் மட்டும் அடிக்காதீர்கள், வியர்வையில் முண்டில் ஒட்டிக்கொள்ளும்.