ஐபிபிஎஸ் பிஓ நேர்காணல்: கேட்ட கேள்விகள், கவிழ்ந்த இடங்கள்

பழைய லெட்ஜர்:
ஐபிபிஎஸ் (பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் தேர்வு நடத்தும் அமைப்பு) பிஓ (பயிற்சி அதிகாரி) வேலைக்கான மெயின்ஸ் (முதன்மை எழுத்துத் தேர்வு) ரிசல்ட் வந்த மறுநாளே எல்லாரும் கேட்பது ஒன்றுதான், "சார், எந்த புக் வாங்கணும்?" புத்தகத்துக்கு முன்னால் கணக்கைப் பாருங்கள். நேர்காணலுக்கு 100 மார்க். இறுதிப் பட்டியலில் மெயின்ஸுக்கு 80, நேர்காணலுக்கு 20 என்ற விகிதம். உள்ளே 10 மார்க் கூடுதலாக வாங்கினால் பட்டியலில் 2 மார்க் ஏறும். அற்பமாகத் தெரியும். ஆனால் கட் ஆஃப் பக்கத்தில் ஆட்கள் தசமப் புள்ளியில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். அதோடு பொதுப்பிரிவுக்கு 40, எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 35 என்று ஒரு வாசற்படி இருக்கிறது. அதைத் தாண்டாவிட்டால் மெயின்ஸில் எவ்வளவு குவித்திருந்தாலும் பயனில்லை. (கிளார்க்குக்கு நேர்காணலே கிடையாது. அவர்கள் இதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.)

பேனலில் பெரும்பாலும் நாலைந்து பேர். பத்து முதல் இருபது நிமிடம். முதல் கேள்விகள் உங்கள் பயோடேட்டாவிலிருந்துதான் வரும், அதாவது நீங்களே கொடுத்த துருப்புச் சீட்டிலிருந்து. பொழுதுபோக்கு என்ற கட்டத்தில் "ரீடிங்" என்று எழுதினால், கடைசியாகப் படித்த புத்தகம் எது, அதில் எது பிடிக்கவில்லை என்று வரும். "பிடிக்கவில்லை" என்ற இடத்தில்தான் பொய் உடையும். "கிரிக்கெட்" என்று எழுதினால் எல்பிடபிள்யூ விதியைச் சொல்லச் சொல்வார்கள். தோட்டம், சமையல் என்று நிஜமாகவே செய்வதை எழுதுங்கள். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கேட்டால் தடுமாறாமல் சொல்லக்கூடிய ஆளாக இருந்தால் போதும்.

முதல் கேள்விக்கு எல்லாருக்கும் பதில் தெரியும். இரண்டாவது கேள்விக்குத்தான் மார்க். கீழே எழுதுகிறவர்கள் அந்த இரண்டாவது, மூன்றாவது கேள்வியையும் சேர்த்தே எழுதுங்கள். "பேனல் ரொம்ப ஃப்ரெண்ட்லி" மாதிரிப் பதிவுகளால் ஒருவருக்கும் பிரயோஜனமில்லை.

சான்றிதழ் சரவெடி:
கேள்விக்கு முன்னால் மேசை ஒன்று இருக்கிறது, சரிபார்ப்பு மேசை. அங்கேயே திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

ஒன்று, ஓபிசி. நம்மூர் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மாநில அரசு வேலைக்கு. ஐபிபிஎஸ் கேட்பது மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்ற வாசகத்தோடு உள்ள ஓபிசி சான்றிதழ். இ-சேவையில் அதைத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எந்தத் தேதிக்குப் பிறகு வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்று அறிவிப்பிலேயே இருக்கும். மூன்று வருடம் முன்னால் வாங்கி லேமினேட் செய்து வைத்தது செல்லாது. முக்கியமாக, மாநில பிசி பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை. சாதிப் பெயரின் எழுத்துக்கூட்டல் மத்தியப் பட்டியலில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே போய்ப் பிரிவை மாற்றிக்கொள்கிறேன் என்றால் நடக்காது.

கிரீமி லேயருக்கான 8 லட்சம் ஆண்டு வருமான வரம்பில் பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை. இது தெரியாமல் "நமக்குக் கிடைக்காது" என்று விட்டுவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு, இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "கார்த்திக் ஆர்", ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும், பான் கார்டில் அது முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். வடக்கே இருந்து வந்த அதிகாரிக்கு இது மூன்று தனித்தனி ஆள். அழைப்புக் கடிதத்தில் உள்ள பெயர் எந்த அடையாள அட்டையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதோ அதைக் கொண்டு போங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிய பெண்கள் அரசிதழ் அறிவிப்போ திருமணச் சான்றிதழோ கையில் வைத்திருக்க வேண்டும்.

மூன்று, டிகிரி. சிஜிபிஏ என்றால் அதைச் சதவீதமாக மாற்றும் முறையைப் பல்கலைக்கழகம் எழுதிக்கொடுத்த தாள் வேண்டும். அரசு, பொதுத்துறையில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களுக்கு என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்று அலுவலகம் தரும் சான்று). இது வாங்கத்தான் நாள் ஆகும். அழைப்புக் கடிதம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

தலைஞாயிறு:
டெல்டா மாவட்டத்துக்காரர்களுக்கு வரும் கேள்விச் சங்கிலி இது. அப்படியே எழுதுகிறேன்.

வாராக்கடன் என்றால் என்ன? அசலோ வட்டியோ 90 நாளுக்கு மேல் நிலுவை. இதை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். "உங்கள் ஊர் விவசாயிக்கும் 90 நாளா?" இங்கே பாதிப் பேர் "ஆமாம் சார்." தப்பு. குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவம், நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம். "அது ஏன் அப்படி?" குறுவைக்கு வாங்கிய கடனுக்கு மாதத் தவணை கேட்டால் அவர் எங்கே போவார்? காசு அறுவடையில்தான் வரும். "நீண்ட காலப் பயிர் என்பது எது?" பருவம் ஓராண்டுக்கு மேல் நீள்வது. "பருவம் எத்தனை மாதம் என்று யார் முடிவு செய்வது?" மாநில அளவிலான வங்கியாளர் குழு. தமிழ்நாட்டில் அதன் ஒருங்கிணைப்பு வங்கி ஐஓபி (இந்தியன் ஓவர்சீஸ் வங்கி). இந்த இடம்வரை போனவருக்கு அதற்குமேல் கேள்வி வராது, தலையாட்டல்தான் வரும்.

90 நாளுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதும் பிடித்தமான கேள்வி. நிலுவை 30 நாள்வரை எஸ்எம்ஏ-0 (எஸ்எம்ஏ என்றால் சிறப்புக் கவனக் கணக்கு), 31 முதல் 60 எஸ்எம்ஏ-1, 61 முதல் 90 எஸ்எம்ஏ-2. வாராக்கடன் ஆகி 12 மாதம்வரை சப்-ஸ்டாண்டர்ட், அதற்குப் பிறகு டவுட்ஃபுல்.

கவரிங்:
@தலைஞாயிறு அக்கா, ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி), சிஆர்ஆர் (டெபாசிட்டில் வங்கிகள் ரிசர்வ் வங்கியில் வைக்க வேண்டிய பங்கு) எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். போதுமா?

தலைஞாயிறு:
எந்த வருடப் புத்தகத்தில் தம்பி? 2025-ல் மட்டும் ரெப்போவை நான்கு முறை குறைத்தார்கள். பிப்ரவரிக்கு முன் 6.50 சதவீதம், டிசம்பரில் 5.25. சிஆர்ஆர் அதே வருடம் 4-லிருந்து நான்கு தவணையில் 3 ஆனது. கிளம்புகிற அன்று காலையில் ரிசர்வ் வங்கித் தளத்தின் முகப்பைப் பார்த்துவிட்டுப் போ.

எண் மட்டும் போதாது. "ரெப்போ குறைந்தால் என் வீட்டுக் கடன் தவணை எப்போது குறையும்?" என்று கேட்பார்கள். 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு ஃப்ளோட்டிங் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடன் ரெப்போ மாதிரி ஒரு வெளி அளவுகோலோடு கட்டப்பட்டது, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும். எம்சிஎல்ஆரில் (வங்கி தன் நிதிச் செலவை வைத்துக் கணக்கிடும் வட்டி) இருக்கும் பழைய கடன் மெதுவாகத்தான் இறங்கும். ஃபிக்ஸட் என்றால் அசையாது. இன்னொரு பொறி: சிலர் ரிவர்ஸ் ரெப்போ (வங்கிகள் ரிசர்வ் வங்கியில் பணம் வைத்தால் கிடைக்கும் வட்டி) 3.35 என்று சொல்லிவிட்டு அதுதான் ரெப்போவைச் சுற்றிய வட்டி வரம்பின் கீழ் எல்லை என்பார்கள். 2022 ஏப்ரலில் இருந்து கீழ் எல்லை எஸ்டிஎஃப் (வங்கிகள் உபரிப் பணத்தை ரிசர்வ் வங்கியில் ஈடு வாங்காமல் வைக்கும் வட்டி), ரெப்போவுக்கு 0.25 கீழே. மேல் எல்லை எம்எஸ்எஃப் (வங்கிகள் அவசரத்துக்கு ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் கடனின் வட்டி), 0.25 மேலே.

அடகு அக்கா:
தமிழ்நாட்டு ஆள் என்றால் நகைக்கடன் கேட்காமல் விடமாட்டார்கள். கேட்கும் விதம்: "இந்தச் செயின் 40 கிராம். எவ்வளவு கொடுப்பாய்?"

உடனே தொகை சொன்னால் அவுட். முதலில் நீங்கள் கேட்க வேண்டும்: கல், அரக்கு எவ்வளவு? எத்தனை கேரட்? 2 கிராம் கல் போனால் நிகரம் 38. 22 கேரட் கிராம் 9,000 என்று வைத்துக்கொண்டால் மதிப்பு 3,42,000. இனி விகிதம், அதாவது மதிப்பில் எத்தனை சதவீதம் கடன் என்பது. முன்பு ஒரே 75 சதவீதம். 2025 ஜூனில் வந்து, 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லாரும் மாறவேண்டிய புதிய விதியில், வீட்டுச் செலவுக்கான கடன் இரண்டரை லட்சம்வரை 85, ஐந்து லட்சம்வரை 80, அதற்கு மேல் 75. இந்த நகைக்கு 85 போட்டால் 2,90,700 வரும். ஆனால் அந்தத் தொகையே இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டதே, ஆகவே 80 தான்: 2,73,600. இந்த முடிச்சை நீங்களாகவே எடுத்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் பேனாவை எடுப்பார். "அந்த 2,73,600-ம் கையில் கொடுத்துவிடுவாயா?" வட்டியும் அசலும் கடைசியில் ஒரே தடவையாகக் கட்டும் கடன் என்றால் கொடுக்க முடியாது. முதிர்வில் சேரும் வட்டியையும் கூட்டித்தான் அந்த விகிதத்தைப் பார்க்க வேண்டும்.

அன்றைய தங்க விலை தெரியாமல் போகாதீர்கள். எங்கள் ஊரில் பூக்காரம்மாவுக்கே தெரியும்.

பழைய லெட்ஜர்:
செக் பற்றி யாரும் எழுதவில்லை. மூன்று மாதம் செல்லும், 2012 ஏப்ரலில் இருந்து. அடுத்தது, "திரும்பி வந்தால்?" மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138 என்று எண்ணைச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். பணம் இல்லை என்று மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், அதன்பின் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். "கையெழுத்து மாறித் திரும்பினால்?" அங்கே 138 தானாகவே பொருந்தும் என்று அடித்துச் சொல்லாதீர்கள், சட்டம் பேசுவது பணப் பற்றாக்குறையை. நீதிமன்றங்கள் சில சூழலில் விரித்துப் பார்த்திருக்கின்றன என்று சொன்னால் போதும்.

கேஒய்சி-யிலும் (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) ஒரு கண்ணி உண்டு. பான் கார்டு (இல்லாதவருக்குப் படிவம் 60) கட்டாயம், ஆனால் அது அடையாள, முகவரிச் சான்றாக ஏற்கப்படும் ஆவணப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருப்பவை பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆதார், நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக் கடிதம்.

ஜன்னல் சீட்டு:
சூழல் கேள்வி இப்போது அதிகம். "எழுபது வயது ஓய்வூதியர். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு எஃப்டியை உடைத்து முழுப் பணத்தையும் உடனே அனுப்பச் சொல்கிறார். யாரிடமும் பேச மறுக்கிறார். என்ன செய்வாய்?"

"பணம் அவருடையது, அனுப்பிவிடுவேன்" என்றால் போச்சு. "அனுப்ப மாட்டேன்" என்றாலும் போச்சு, மறுக்க உனக்கு என்ன அதிகாரம் என்பார்கள். நல்ல பதிலின் வரிசை: உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது, போனை வைக்கச் சொல்லி மேலாளர் அறைக்கு அழைப்பது, போலீஸ், சிபிஐ என்று யாராவது வீடியோ காலில் மிரட்டுகிறார்களா என்று நேராகக் கேட்பது, "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்வது, மகன் மகளுக்கு அவரையே பேசவைப்பது. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு தூரம் பணம் வழியில் நிற்கும்.

தொடர் கேள்வி: "ஓடிபியை அவரே கொடுத்துவிட்டார். வங்கி ஈடு கட்டுமா?" புகார் கொடுக்கும்வரை போனது அவர் தலையில். கொடுத்த பிறகு போனால் வங்கி தலையில். மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் இழப்பே இல்லை என்ற 2017 விதி, தப்பு அவரிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை என்ற வகைக்கு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

எல்லைக்கோடு:
ஆங்கிலம். "மைசெல்ஃப் கார்த்திக்" என்று ஆரம்பிக்காதீர்கள், "ஐ ஆம் கார்த்திக்" போதும். "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்" வேண்டாம், "ஐ ஹேவ்". சுய அறிமுகம் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை: ஊர், படிப்பு, செய்த வேலை அல்லது ப்ராஜெக்ட், ஏன் வங்கி. போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். ஒப்பிப்பது உங்கள் காதுக்கே தெரியும்.

இன்ஜினியர்களிடம் "ஏன் வங்கி?" என்றால் "ஜாப் செக்யூரிட்டி" என்ற பதில் அன்றைக்குப் பேனலின் காதில் இருபதாவது தடவையாக விழுகிறது. மெக்கானிக்கல் படித்தவர் லேத் வாங்கக் கடன் கேட்பவரின் திட்ட அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவர், இயந்திரத்தின் உற்பத்தித் திறனும் தேய்மானமும் அவருக்குப் புரியும். அதைச் சொல்லட்டும். அடுத்து "இந்தி தெரியாது, பீகாரில் போட்டால்?" வரும். "கற்றுக்கொள்வேன்" மட்டும் போதாது. எப்படி, எத்தனை மாதத்தில் என்று சொல்லுங்கள்.

கவரிங்:
தெரியாத கேள்விக்கு "சாரி சார்" எத்தனை தடவை சொல்லலாம்?

எல்லைக்கோடு:
எண்ணிக்கை கிடையாது. ஆனால் சொந்த மாவட்டத்தின் முன்னோடி வங்கி (மாவட்டத்தில் வங்கிகளை ஒருங்கிணைக்கும் வங்கி), விருப்ப வரிசையில் முதலில் போட்ட வங்கியின் தலைமையகம், டிகிரியில் படித்த பாடம், இந்த மூன்றுக்கும் "சாரி" சொல்லக்கூடாது.

பழைய லெட்ஜர்:
இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. டிகிரிப் பாடத்தில் ஒன்றிரண்டு மறந்தால் விட்டுவிடுவார்கள். வங்கியைப் பற்றித் தெரியாமல் அதை முதல் விருப்பமாகப் போட்டதைத்தான் விடமாட்டார்கள். இந்தியன் வங்கி என்றால் 1907, சென்னை, 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி வந்து சேர்ந்தது. ஐஓபி என்றால் 1937, காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தது. ரங்கூன் எதற்கு என்று கேட்டால் செட்டியார்களின் பர்மா வியாபாரத்தைச் சொல்லத் தெரிய வேண்டும்.

சான்றிதழ் சரவெடி:
கடைசியாக ஒன்று. பயோமெட்ரிக்கில் தேர்வன்று எடுத்த ரேகையோடு ஒப்பிடுவார்கள். நேர்காணலுக்கு முந்தின வாரம் வீட்டில் கல்யாணம் என்று மருதாணி வைத்துக்கொள்ளாதீர்கள். சிமெண்ட், பெயிண்ட் வேலை இருந்தால் கையுறை போடுங்கள். காத்திருப்பு மூன்று மணி நேரம்கூட இழுக்கும், இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். புது ஷூ கடிக்கும்.