பக்கத்து காலி இடம் யார் பேர்ல இருக்குன்னு எப்படி பாக்குறது?

உச்சிப்புளிக்காரன்:
எங்க வீட்டுக்கு கிழக்க ஒரு இடம் வருஷக்கணக்கா சும்மா கிடக்கு, இருபது முப்பது சென்ட் இருக்கும், முழுக்க சீமைக்கருவேலம், நடுவுல அஞ்சாறு பனை. போன மழைக்கு ஒரு கருவேலம் சாஞ்சு நம்ம காம்பவுண்டு சுவர்ல விரிசல் விட்டுருச்சு. போன வாரம் என் மக கொல்லையில துணி காயப்போடப் போனப்ப கால்கிட்டயே கண்ணாடி விரியன், இன்னும் எனக்கு பதட்டம் அடங்கல. இடத்துக்காரர்கிட்ட பேசி சுத்தம் பண்ணணும், கொடுத்தா வாங்கிக்கவும் ரெடி. தெருவுல ஒருத்தர் சிங்கப்பூர்க்காரங்க இடம்ங்குறார், இன்னொருத்தர் புறம்போக்குங்குறார். எங்கிட்ட எங்க பட்டா மட்டும்தான் இருக்கு.

பனங்காட்டான்:
அதுவே போதும் தம்பி. உங்க சர்வே நம்பரப் போட்டு அரசு இ-சர்வீசஸ் தளத்துல எஃப்எம்பி எடுங்க, அதான் புலப்படம். வடக்கு மேல பாத்து இருக்கும், உங்க உட்பிரிவுக்கு வலது பக்கம் என்ன நம்பர்னு பாருங்க. அந்த நம்பர அதே தளத்துல அ-பதிவேட்டுல, அதான் கிராம நிலக் கணக்கு, போட்டா ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்) புறம்போக்கா, பட்டா யார் பேர்லன்னு வந்துரும். பரப்பு ஹெக்டேர், ஏர்ல இருக்கும், ஒரு ஏர் 2.47 சென்ட். தெருவுல சொல்றத விடுங்க, புறம்போக்கா இல்லையான்னு அங்கயே முடிஞ்சுரும்.

கீழக்கரை காக்கா:
பட்டாவுல பேர் இருக்குன்னு மட்டும் நம்பி பணம் கொடுத்துறாதீங்க. என் மச்சான் அப்படித்தான் அட்வான்ஸ் கொடுத்தாரு, பட்டாவுல இருந்தது 80கள்ல நிலக் கணக்க புதுப்பிக்க யுடிஆர் சர்வே நடந்தப்ப ஏறுன பேரு, அவரு மவுத்தாகி ரொம்ப காலம், வாரிசு ஏழு பேர்ல ஒருத்தர் தன் பங்க முன்னாடியே வேற ஆளுக்கு எழுதிக் கொடுத்திருக்காரு. வில்லங்கம், அதான் அந்த இடத்து மேல பதிஞ்ச பத்திரங்களோட பட்டியல், போட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். பதிவுத்துறை தளத்துல சர்வே நம்பர வச்சு காசு இல்லாமயே பாக்கலாம். உட்பிரிவு நம்பர மட்டும் போடாம தாய் நம்பர் (உட்பிரிவு பிரிக்கிறதுக்கு முன்னாடி இருந்த நம்பர்), அ-பதிவேட்டுல இருக்குற பழைய சர்வே நம்பர் ரெண்டையும் போட்டுப் பாருங்க, பழைய பத்திரமெல்லாம் அதுலதான் கிடக்கும்.

உச்சிப்புளிக்காரன்:
ரொம்ப நன்றிண்ணே, காக்கா உங்களுக்கும். பாத்துட்டேன். ரயத்துவாரி புன்செய், 0.11.50, கணக்குப் போட்டா 28 சென்ட் வருது. ஒரு அம்மா பேர்ல இருக்கு, ஆனா அந்தப் பேர்ல இங்க யாரையும் தெரியாதுங்குறாங்க. வில்லங்கத்துல ஒரு பதிவும் இல்ல.

சாயல்குடியான்:
வில்லங்கத்துல ஒன்னும் இல்லன்னா நீங்க தேடுன வருஷங்கள்ல பத்திரம் பதியலன்னு மட்டும்தான் அர்த்தம். வாரிசு வழியா வந்தது, வாய்மொழியா பாகம் பிரிச்சதெல்லாம் அதுல ஏறாது. நீங்க அந்தப் பனைய பாருங்க. சீசன்ல யாராவது ஏறுறாங்களா? ஏறுறவர் சும்மா ஏற மாட்டாரு, யாருக்கோ குத்தகைப் பணமோ கருப்பட்டியோ கொடுத்துக்கிட்டு இருப்பாரு. அவரப் பிடிங்க.

உச்சிப்புளிக்காரன்:
அண்ணே நீங்க சொன்னது சரி! அடுத்த தெரு பெரியவர்தான் ஏறுறாராம், வருஷா வருஷம் தங்கச்சிமடத்துல ஒரு வீட்டுக்கு கருப்பட்டி கொண்டு போய் கொடுக்குறாராம். அந்த அம்மாவோட பேத்தி வீடு. ஞாயித்துக்கிழமை அவரையே கூட்டிக்கிட்டுப் போறேன்.

கீழக்கரை காக்கா:
போங்க, முதல்ல மரத்தப் பத்தி மட்டும் பேசுங்க, புள்ளைங்க இருக்குற வீடு, அது உடனே ஆகணும். விலை பேச்சு வந்தா அந்த அம்மாவோட இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ரெண்டையும் கேளுங்க, எல்லா வாரிசும் கையெழுத்துப் போடுறாங்களான்னு தெரியாம ஒரு ரூபா கூட கையில கொடுக்காதீங்க.