தமனிச் சுவரை நெகிழவிட்டால் கணக்கு வெடிக்கிறது, உதவுங்களேன்

வணக்கம். மண்டபம் ஊரில் வீட்டிலிருந்தபடி முதுகலை ப்ராஜெக்ட் செய்கிறேன்: நெகிழும் தமனியில் ரத்த ஓட்டம். மென்பொருள்கள்: ஓட்டத்துக்கு ஓப்பன்ஃபோம், சுவருக்கு கால்குலிக்ஸ், இரண்டையும் இணைக்க ப்ரிசைஸ். (மெஷ், அதாவது கணக்குக்காகப் பிரிக்கும் கட்ட வலை, சரியில்லை என்றால் அப்பா மீன்வலையைப் பார்க்கிறார்.)

சுவர் விறைப்பாக இருந்தால் ஓடுகிறது. நெகிழவிட்டால் சில படிகளிலேயே அழுத்தம் எகிறி நின்றுவிடுகிறது. நேரப்படியை (ஒவ்வொரு படிக்குமான கால இடைவெளியை) குறைத்தால் இன்னும் மோசம்!

ரத்த அடர்த்தி 1060, சுவருக்கு 1100 கிலோ/கனமீட்டர் கொடுத்திருக்கிறேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் 'கூடுதல் நிறை' சிக்கல்தான் என நினைக்கிறேன். மிதக்கும் வல்லத்தைத் தள்ளினால் சுற்றியுள்ள தண்ணீரையும் சேர்த்துத் தள்ளுகிறோமே, அதுபோல.

ஒவ்வொரு படியிலும் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, ஐட்கென் தளர்வும் (சுற்றுக்குச் சுற்று திருத்தத்தின் அளவைத் தானே மாற்றும் முறை) போட்டாயிற்று. 50 சுற்று தாண்டியும் விடை ஒருங்கவில்லை. முந்தைய சுற்றுகளின் விடைகளை வைத்து அடுத்ததைக் கணிக்கும் குவாசி-நியூட்டன் முறைக்கு மாறினால் சரியாகுமா? அப்புறம், வெளிவாயில் அழுத்தத்தைப் பூஜ்யமாக வைத்திருக்கிறேன். அங்கே விண்ட்கெசல் (அதற்கப்பால் உள்ள ரத்தக்குழாய்களின் தடையையும் நெகிழ்வையும் ஈடுசெய்யும் எளிய மாதிரி) போட வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.