பூநாரை அலகின் ‘வடிகண்’: ஒரு சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

உயர்மலை ஏரிப் பூநாரைகளின் உணவு பற்றிய கட்டுரைக்காக, அலகின் உள்விளிம்பில் வரிசையாக நிற்கும் மெல்லிய தகடுகளுக்கு ‘வடிதகடு’ என்னும் சொல்லைப் பாலக்காட்டு ஐயா முன்வைத்திருந்தார். வடித்தால் நீர்தானே கிடைக்கும், இரை எப்படிக் கிடைக்கும் என்று சிலர் கேட்டிருந்தாலும், கஞ்சி வடித்தபின் பானையில் நிற்பது சோறுதான் என்பதால் எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் அத்தகடுகளுக்கு இடையிலுள்ள சந்துக்கும் தனியே ஒரு சொல் வேண்டும். எந்தப் பறவைக்கு எந்த இரை என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தச் சந்துதான்.

பொலிவியாவிலுள்ள லகுனா கொலராடா, கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,270 மீட்டர் உயரத்தில் கிடக்கும், ஆழம் குறைந்த உப்பேரி. அங்கே மூன்று வகைப் பூநாரைகள் ஒரே நீரில் மேய்கின்றன. சிலி பூநாரையின் தகடுகள் தள்ளித்தள்ளி அமைந்தவை என்பதால், அது உப்புநீர் இறால், துடுப்புக்காலிகள், பூச்சிகளின் இளம்புழுக்கள் ஆகியவற்றைப் பிடிக்கிறது. ஆண்டீஸ் பூநாரைக்கும் ஜேம்ஸ் பூநாரைக்கும் தகடுகள் நெருக்கமானவை. அவை சேற்றின் மேற்படலத்திலுள்ள டயாட்டம்களை, அதாவது சிலிக்கா ஓடுடைய ஒருசெல் பாசிகளை, முதன்மை உணவாகக் கொள்கின்றன. இவ்விரண்டிலும் ஜேம்ஸ் பூநாரைக்கே தகடுகள் மிக நெருக்கம் என்பதால், சிறிய டயாட்டம்கள் அதன் பங்காகின்றன. மீன் உள்ள மலையேரிகளில் சிலி பூநாரைகள் குறைந்தே காணப்படுவதும் இதையொட்டியதே: அவை நாடும் சிற்றுயிர்களை மீன்கள் முந்திக்கொள்கின்றன.

நாங்கள் இருக்கும் தடாப் பக்கத்தில், சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலை பழவேற்காட்டு ஏரியைக் கடக்குமிடத்தில், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ‘பெரிய பூநாரை’ என்னும் வகைப் பறவைகளைக் காணலாம். அவை சேற்றைக் காலால் மிதித்துக் கலக்கி, தலையைக் கவிழ்த்து அலகை நீருக்குள் அமிழ்த்தி, நாக்கால் நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளும்போது, அலகோரத்தில் கலங்கல் நீர் வழிவது தெரியும். சிலி பூநாரையின் பேரினத்தைச் சேர்ந்த இவற்றுக்கும் அகன்ற சந்துகளே.

அதே ஏரியில் மீன் பிடிப்பவர்கள் வலையின் ஓட்டையைக் ‘கண்’ என்கிறார்கள். இன்ன மீனுக்கு இன்ன கண் என்பது அவர்களின் அன்றாடக் கணக்கு. ஆகவே ‘வடிகண்’ என்று முன்மொழிகிறேன். ‘தகட்டிடைவெளி’ பிழையன்று, ஆயினும் ‘தகட்டிடைவெளி அகலம் குறைந்த பூநாரைகள்’ என்று எழுதும்போது வாக்கியம் மூச்சு வாங்குகிறது. ‘வடிகண் சிறுத்த பூநாரைகள்’ என்றால் போதும்.

தடாவிலிருந்து, வணக்கத்துடன்.

மறுமொழி:

ஐயா, வணக்கம். ‘வடிகண்’ என்பதை ஏற்கிறேன். ஒரு தயக்கம் மட்டும் உண்டு. மாவடுவின் பிளவு போன்ற கண்ணை இலக்கியத்தில் ‘வடிக்கண்’ என்பார்கள். நம்முடையது வினைத்தொகை, ஆதலால் வல்லினம் மிகாது. மெய்ப்புத் திருத்துபவர் பழக்கத்தில் ஒரு ‘க்’ சேர்த்துவிட்டால், நம் பறவை திருவுலாக் காணும் பெண்ணாகிவிடும்! எனவே சொல் முதலில் வருமிடத்தில் ‘வடிதகடுகளுக்கு இடையிலுள்ள வடிகண்’ என்று விரித்தெழுதுவோம். டயாட்டம் அப்படியே இருக்கட்டும். பாடநூல் படித்தவர்களுக்கு அது பழகிய சொல். ‘துடுப்புக்காலி’ புதியவர்களுக்குப் புரியாது என்பதால், ‘நீரில் துள்ளும் மிகச்சிறிய ஓட்டுயிர்’ என்ற விளக்கத்தை அதன் அருகிலேயே தந்துவிடலாம்.

பாலக்காட்டிலிருந்து.