நாகசாகியின் 26 மறைசாட்சிகள்: ஒரே ஊரில் இரண்டு நினைவுத் திருத்தலங்கள் ஏன்?

கீழைக்காற்று (கேள்வி)

அன்பர்களுக்கு வணக்கம். அடுத்த மாதம் அலுவலக வேலையாக ஜப்பானின் ஃபுகுவோகா நகருக்குச் செல்கிறேன். இடையில் கிடைக்கும் ஒருநாள் விடுப்பில் நாகசாகிக்குச் சென்று, 1597-இல் அங்கே சிலுவையில் கொல்லப்பட்ட 26 மறைசாட்சிகளின் நினைவுத் திருத்தலத்தைக் காண விரும்புகிறேன். ஆனால் படிக்கப் படிக்கக் குழப்பமே மிஞ்சுகிறது. ஓவுரா பேராலயம் அந்த 26 பேரின் பெயரால் அர்ச்சிக்கப்பட்டது என்கிறார்கள். நிஷிசாகா குன்றில் அவர்களுக்கென நினைவுச்சின்னமும் அருங்காட்சியகமும் தனியாக இருப்பதாகவும் சொல்கிறார்கள். படங்களில் பார்த்தால் முதலாவது வெண்ணிறக் கோதிக் ஆலயம். இரண்டாவதன் அருகே வண்ணச் சில்லுகள் பதித்த விசித்திரமான இரட்டைக் கோபுரங்கள் நிற்கின்றன. இவற்றுள் எது உண்மையான நினைவுத்தலம்? ஒரே நிகழ்வை நினைவுகூரும் இரு கட்டடங்களுக்குள் ஏன் இத்தனை வேறுபாடு?

நெய்தலான்

இரண்டுமே உண்மையான நினைவுத்தலங்கள்தாம். ஆனால் உயிர்கொடுத்த இடம் நிஷிசாகா. ஓவுரா, அந்த இடத்தை நோக்கி முகம் திருப்பிக் கட்டப்பட்ட ஆலயம். இதற்கான காரணம் அரசியல் வரலாற்றில் இருக்கிறது.

புனித சவேரியார் நம் முத்துக்குளித்துறைப் பணிக்குப் பின் 1549-இல் ககோஷிமாவில் கரையிறங்கியதிலிருந்து ஜப்பானில் கத்தோலிக்கம் விரைவாகப் பரவியது. நாட்டை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த தொயோத்தோமி ஹிதேயோஷி 1587-இல் மறைப்பணியாளர்களை வெளியேறச் சொல்லி ஆணையிட்டாலும், போர்த்துக்கீசிய வணிகத்தை இழக்க மனமில்லாமல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தவில்லை. 1596-இல் 'சான் ஃபெலிப்பே' என்ற ஸ்பானியக் கப்பல் தோசா கடற்கரையில் தரைதட்டியது. அதன் சரக்கைப் பறிமுதல் செய்ததில் தொடங்கிய பூசல், குருக்களை அனுப்பிவிட்டுப் பின்னால் படையை அனுப்புவதே ஸ்பெயினின் வழக்கம் என்ற ஐயமாக வளர்ந்து, இறுதியில் கியோட்டோவிலும் ஒசாக்காவிலும் இருந்த கிறிஸ்தவர்கள் தலையில் விடிந்தது.

கியோட்டோவில் 24 பேருக்கு இடது காது மடலை அறுத்து, கடுங்குளிரில் நாகசாகி வரை நடத்தியே கொண்டு சென்றார்கள். வழியில் இன்னும் இருவர் சேர்க்கப்பட்டனர். 1597 பிப்ரவரி 5 அன்று, ஆணி அறையாமல் கயிறுகளாலும் இரும்பு வளையங்களாலும் சிலுவையோடு பிணைத்து, இருபுறமும் ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். இருபது பேர் ஜப்பானியர். ஆறு பேர் வெளிநாட்டுப் பிரான்சிஸ்கன் சபையினர். மூவர் சிறுவர்கள்: லூயிஸ் இபராக்கிக்கு வயது 12, அந்தோனிக்கு 13, தோமாஸ் கோசாக்கிக்கு 14. 1862-இல் ஒன்பதாம் பத்திநாதர் இவர்களுக்குப் புனிதர் பட்டம் அளித்தபோதும் ஜப்பானில் கிறிஸ்தவத்திற்குத் தடை நீங்கியிருக்கவில்லை.

தச்சுக்கோல்

மேலே நெய்தலான் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். ஜப்பான் மேலை நாடுகளோடு செய்துகொண்ட 1858 உடன்படிக்கைகளின்படி, வெளிநாட்டவர் தங்கள் குடியிருப்புப் பகுதிக்குள் தங்களுக்கென ஆலயம் கட்டிக்கொள்ளலாம். ஜப்பானியருக்கு மறைபரப்பக் கூடாது. நிஷிசாகா அந்த எல்லைக்கு வெளியே இருந்ததால், பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையின் (புதுச்சேரியில் பணியாற்றிய அதே சபைதான்) குருக்களான ஃப்யூரேயும் பெத்திழானும் குடியிருப்புக்குள்ளேயே ஓவுராவில் ஒரு மேட்டைத் தேர்ந்து, ஆலயத்தின் முகப்பு நிஷிசாகாவைப் பார்க்குமாறு அமைத்தனர். 1864-இன் இறுதியில் வேலை முடிந்து, 1865 பிப்ரவரியில் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது.

கட்டியவர் அமாகுசாவைச் சேர்ந்த கொயாமா ஹிதேனோஷின் என்ற தலைமைத் தச்சர். அருகிலுள்ள கிளவர் மாளிகையும் அவர் கைவேலையே. இந்த ஆலயத்தில் என்னைக் கவர்வது கூரைதான். ஐரோப்பாவில் கல்லை அடுக்கி எழுப்பும் கூர்வளைவு விதானத்தை, இங்கே மரச்சட்டங்களை வளைத்து, இடையில் மூங்கில் பிளாச்சு பரப்பி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசி உருவாக்கியிருக்கிறார்கள். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்குக் கல் விதானமாகவே தோன்றும். ஆனால் அது உள்ளூர் வீட்டுச் சுவரின் தொழில்நுட்பம். நிலநடுக்கம் உள்ள நாட்டில் தலைக்கு மேல் கல்லுக்குப் பதில் மூங்கில் இருப்பது எவ்வளவோ மேல்.

இன்று காண்பது 1864-இன் வடிவம் அன்று. முதலில் மூன்று கோபுரங்களும் உள்ளே மூன்று நடைகளும் (தூண் வரிசைகளால் பிரிக்கப்பட்ட நீளப் பகுதிகள்) கொண்ட சிறு மர ஆலயமாக இருந்தது. 1870-களின் பிற்பகுதியில் அதை ஐந்து நடைகளாக அகலப்படுத்தி, செங்கல் சுவர் எழுப்பிச் சாந்து பூசி, நடுவில் ஒரே கோபுரத்தை நிறுத்தினார்கள். 1933-இல் ஜப்பான் அரசு இதைத் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தது. 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு வீச்சில், நாகசாகியின் வடபகுதியான உரகாமியில் இருந்த பேராலயம் தரைமட்டமானபோது, தொலைவும் இடையிலிருந்த குன்றுகளும் காத்ததால் ஓவுரா சேதங்களோடு தப்பியது.

அர்ச்சிப்பு நடந்து ஒரு மாதம்கூட ஆகாத 1865 மார்ச் 17 அன்று, உரகாமியிலிருந்து வந்த ஒரு சிறு கூட்டத்தில் ஒரு பெண் பெத்திழானை அணுகி, தங்கள் நெஞ்சமும் அவர் நெஞ்சமும் ஒன்றே என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, மரியன்னையின் சொரூபம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் குருக்களே இல்லாமல் மறைவாக விசுவாசத்தைக் காத்த மக்கள் அவர்கள். அவர்கள் தேடிய சொரூபம் இன்றும் பக்கப் பீடத்தில் இருக்கிறது. இது வெளிப்பட்டதன் விளைவாக 1867 முதல் உரகாமி மக்கள் கைதுசெய்யப்பட்டு, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாடெங்கும் சிதறடிக்கப்பட்டனர். தடை 1873-இல்தான் விலகியது.

கீழைக்காற்று

விரிவான விளக்கத்திற்கு நன்றி. நிஷிசாகாவின் இரட்டைக் கோபுரங்களைப் பற்றியும் யாரேனும் சொன்னால் நன்று. பார்சலோனாவின் திருக்குடும்பப் பேராலயத்தைப் பார்த்துச் செய்ததுபோல் இருக்கிறதே?

சுடுமண்

அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. அதை வடிவமைத்த இமாய் கென்ஜி, அப்பேராலயத்தின் கட்டடக் கலைஞரான அந்தோனி கௌடியின் கலையை ஜப்பானில் அறிமுகப்படுத்தியவர்களுள் முதன்மையானவர். புனிதர் பட்டத்தின் நூற்றாண்டையொட்டி 1962-இல் நினைவுச்சின்னம், அருங்காட்சியகம், 26 பேருள் ஒருவரும் மெக்சிகோவின் முதல் புனிதருமான பிலிப்பின் பெயரால் ஓர் ஆலயம் ஆகிய மூன்றையும் சேர்த்து நிஷிசாகாவில் அமைத்தார்கள். கோபுரங்களில் பதித்திருப்பவை உடைந்த பீங்கான், மண்கலச் சில்லுகள். ஜப்பானியச் சூளைகளின் உடைசல்களைக் கொண்டு கௌடியின் முறையில் செய்த இவ்வேலையை வெறும் நகல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆயினும், என் கருத்தில், குன்றின் அமைதிக்கு அந்தக் கோபுரங்கள் சற்று ஆரவாரமானவைதாம்.

அங்கே நேரம் செலவிட வேண்டியது சிற்பச் சுவரின் முன்னால். சிற்பி ஃபுனாகோஷி யசுதாகே நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து வடித்த 26 வெண்கல உருவங்கள், ஏறத்தாழ 17 மீட்டர் நீளச் சுவரில் ஒரே வரிசையாக நிற்கின்றன. நிற்கின்றன என்பதும் பொருந்தாது. பாதங்களைப் பாருங்கள், விரல்நுனிகள் கீழ்நோக்கித் தொங்க, தரையைத் தொடாமல் எழும்பிக்கொண்டிருக்கின்றன. சிலுவைகளோ ஈட்டிகளோ செதுக்கப்படவில்லை. சிறுவர் மூவரையும் உயரத்தைக் கொண்டே கண்டுகொள்ளலாம். கொலைக்களத்தின் நினைவுச்சின்னத்தில் வதையைக் காட்டாமல் விட்டது துணிச்சலான முடிவு என்றே கருதுகிறேன்.

தச்சுக்கோல்

கோபுரங்களைப் பற்றிய சுடுமண் அவர்களின் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. அணுகுண்டு விழுந்து 17 ஆண்டுகளே ஆகியிருந்த நகரத்தில், உடைந்த துண்டுகளைச் சேர்த்துக் கோபுரம் எழுப்புவது அந்த மண்ணுக்கு அந்நியமான செயல் அன்று. அருகில் சென்று பார்த்தால் ஆரவாரம் அடங்கிவிடும்.

நெய்தலான்

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒரு வேண்டுகோள். சிற்ப வரிசையில் கொன்சாலோ கார்சியாவைத் தேடிப் பாருங்கள். மும்பைக்கு வடக்கே உள்ள வசாயில் போர்த்துக்கீசியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர். இயேசு சபையாரோடு ஜப்பானுக்குச் சென்று உபதேசியாராகவும் பிறகு வணிகராகவும் இருந்து, மணிலாவில் பிரான்சிஸ்கன் சபையில் துறவுச் சகோதரராகச் சேர்ந்தவர். ஜப்பானிய மொழி நன்கு தெரிந்ததால் 1593-இல் பிரான்சிஸ்கன் குரு பேதுரு பவுத்தீஸ்தாவின் குழுவினருக்கு மொழிபெயர்ப்பாளராக ஹிதேயோஷியின் முன் நின்றார். இந்தியாவில் பிறந்து புனிதர் பட்டம் பெற்ற முதல் மனிதர் இவரே. நம்மில் பலருக்கு இவர் பெயர்கூடத் தெரியாமல் இருப்பது வருத்தத்திற்குரியது.

பயணத்தைப் பொறுத்தவரை, நாகசாகி ரயில் நிலையத்திலிருந்து நிஷிசாகா நடைதூரம்தான். காலையில் அங்கே தொடங்குங்கள். அருங்காட்சியகத்தில், மறைவுக் கிறிஸ்தவர்கள் கன்னோன் என்னும் பௌத்தத் தெய்வ வடிவில் மரியன்னையை வணங்கிய சொரூபங்களைத் தவறவிட வேண்டாம். பிறகு டிராமில் ஓவுராவுக்குச் செல்லலாம். பேராலயத்திற்கு நுழைவுக் கட்டணம் உண்டு. உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. திருப்பலியில் பங்கேற்க விரும்பினால், அது அருகிலுள்ள புதிய ஓவுரா ஆலயத்தில் நடைபெறுகிறது. நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.