வேறு வேலை பார்த்துவிட்டு ரியல் எஸ்டேட்டுக்கு வந்தால் பழைய அனுபவம் கைகொடுக்குமா?

ஈரநிலம்:
14 வருடம் செவிலியராக இருந்தேன், பெரும்பகுதி தீவிர சிகிச்சைப் பிரிவில். முதுகுவலி தாங்க முடியாமல் வேலையை விட்டு ஆறு மாதம் ஆகிறது. தெரிந்தவர் ஒருவர் வீடு, மனை விற்கும் தொழிலில் தன்னோடு சேரச் சொல்கிறார். "ஆட்களோடு பழகத் தெரிந்த உங்களுக்கு இது தானா வந்துடும்" என்கிறார். அப்படித் தானாக வருமா? வேறு துறையிலிருந்து இதற்குள் வந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

கொத்தனார் மகன்:
தைரியமாக வாருங்கள் தோழி. நான் 11 வருடம் டைல்ஸ் ஒட்டியவன். இன்றைக்கும் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சாவிக்கொத்தால் தரையைத் தட்டாமல் இருக்க மாட்டேன். சத்தம் கெட்டியாக வந்தால் சரி. உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல வந்தால் அடியில் கலவை பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

ஒரு வீட்டில் மூன்று சுவர் பழைய பெயின்ட், நான்காவது மட்டும் புத்தம் புதிது. கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. பின்பக்கம் குளியலறை, குழாய் கசிகிறது. வாங்க வந்தவரிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். இதை எந்த வகுப்பில் கற்றுக்கொடுப்பார்கள்?

கடைசிப் பக்கம்:
ஒரு கேள்வி. அந்த வீட்டில் நீங்கள் யாருடைய ஆள்? விற்பவருடையவரா, வாங்குபவருடையவரா?

கொத்தனார் மகன்:
விற்பவர்தான் என்னை வைத்திருந்தார்.

கடைசிப் பக்கம்:
அப்படியானால் உங்கள் கை சரியாகச் சொன்னது, ஆனால் நீங்கள் முறை தவறிவிட்டீர்கள். தெரிந்த பெரிய குறையை விற்பவரின் முகவரும் மறைக்கக் கூடாது என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. அதனால் சொன்னது தப்பில்லை. ஆனால் முதலில் விற்பவரிடம் சொல்லி, "சரிசெய்யுங்கள், இல்லையென்றால் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டிவரும்" என்று எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். டைல்ஸ் வேலை கசிவைக் காட்டிக்கொடுத்தது. யாருக்கு எந்த வரிசையில் பதில் சொல்ல வேண்டும் என்பதை அது கற்றுத்தரவில்லை.

நான் 20 வருடமாகச் சொத்துப் பத்திரங்களைப் பார்த்துக் கருத்து எழுதுகிறவன். "தானா வந்துடும்" என்று நம்பி வந்தவர்கள் செய்து வைத்ததை அவிழ்ப்பதே என் வேலையில் பாதி. நல்ல மனிதர்கள்தான், பேச்சும் சுத்தம். வாங்கியவர் தலையில் மட்டும் வழக்கு. பத்திரத்தில் வடக்கு எல்லை பொதுப்பாதை என்றிருக்கும். நேரில் போனால் அங்கே பக்கத்து வீட்டுக்காரரின் சுவர் நிற்கும். பேச்சுத் திறமை அந்தச் சுவரை நகர்த்தாது.

முகவர் உரிமத்துக்கான தேர்வு எழுதும் முன்பே அமெரிக்காவின் டெக்சஸில் 180 மணி நேரமும் கலிஃபோர்னியாவில் 135 மணி நேரமும் படித்தாக வேண்டும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு செய்ய வேண்டிய கட்டுமான, மனைத் திட்டங்களில் விற்றுக்கொடுக்கும் முகவரும் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது. அனுபவம் போதுமென்றால் இதெல்லாம் எதற்கு?

நாலாவது மாடி:
படிப்பு வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லையே. ஆனால் படிப்பு மட்டும் ஆளைக் காப்பாற்றிவிடும் என்றும் சொல்லாதீர்கள். ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் சிகாகோ வட்டாரத்தில் நடந்த ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் கட்டுரை வெளியிட்டார்கள். முகவர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 சதவீதம் அதிக விலை வாங்கியிருக்கிறார்கள். அடுத்தவர் வீடு என்றால் "வந்த விலைக்குக் கொடுத்துடுங்க".

இவர்கள் எல்லாரும் உரிமம் வாங்கியவர்கள். எல்லாம் தெரிந்தவர்கள்தான். ஆக, குறை அறிவில் இல்லை. நான் இதற்குள் வரும்முன் பள்ளியில் கணக்கு நடத்தினேன். புரியாத பிள்ளைதான் முதலில் தலையாட்டும் என்று அங்கே கற்றேன். கடன் தவணையை விளக்கும்போது வேகமாகத் தலையாட்டுகிறவரை நான் விடமாட்டேன். பேனாவைக் கொடுத்து, "ஐந்தாம் வருட முடிவில் அசல் எவ்வளவு பாக்கி இருக்கும், நீங்களே போட்டுப் பாருங்கள்" என்பேன். நீங்கள் சொல்லும் 135 மணி நேரத்தில் இது எங்கே வருகிறது?

கடைசிப் பக்கம்:
அந்த ஆராய்ச்சி எனக்கும் தெரியும். ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அப்படிச் செய்யவில்லை. விலை 100 கூடினால் முகவர் கைக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். அதற்காக இன்னும் பத்து நாள் அலைய யாருக்கும் மனம் வராது.

நீங்கள் ஒரு பாடத்தை எத்தனை நாள் நடத்தினாலும் மாதச் சம்பளம் வந்தது. செவிலியருக்கும் அப்படித்தான். இங்கே கையெழுத்து விழுந்தால்தான் காசு. வீட்டில் வாடகைக்குப் பணமில்லாத மாதத்தில் அந்தத் தலையாட்டலைக் கண்டும் காணாமல் விடத் தோன்றும். அந்தச் சோதனையைப் பழைய வேலை உங்களுக்கு வைத்ததே இல்லை.

ஈரநிலம்:
இதைப் படித்துவிட்டு நேற்று வெகுநேரம் தூக்கம் வரவில்லை. நீங்கள் சொல்வது சரிதான், என் சம்பளம் எந்தக் கையெழுத்தையும் நம்பி இருந்ததில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன் சம்மதப் படிவத்தில் குடும்பத்தாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பயத்தில் யாரும் படிக்க மாட்டார்கள், நேராகப் பேனாவைத்தான் கேட்பார்கள். நான் பேனாவை என் கையிலேயே வைத்துக்கொண்டு முதலில், "வேற யாராவது வரணுமா?" என்று கேட்பேன். பெரும்பாலும் ஒரு மகள் இருப்பாள். இரவு ரயிலில் வந்துகொண்டிருப்பாள், இல்லையென்றால் பேச்சுவார்த்தை அறுந்து போயிருக்கும். அவளிடம் போன் போட்டுப் பேசிய பிறகுதான் பேனா கைமாறும். அவசரமென்றால் அது வேறு.

கடைசிப் பக்கம்:
இப்போது நீங்கள் சொன்னது பெரிய விஷயம் அம்மா. என்னிடம் வரும் தகராறுகளில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். அப்பா இறந்துவிட்டார், வாரிசு நான்கு பேர், பத்திரத்தில் மூன்று கையெழுத்து. பல வருடம் கழித்து அந்த நான்காவது ஆள் வந்து நிற்பார். விற்கும்போது கூடத்தில் உட்கார்ந்திருந்த யாரும் அந்தப் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார்கள், முகவரும் கேட்டிருக்க மாட்டார். நீங்கள் கேட்பீர்கள் என்று தோன்றுகிறது. இந்த ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதைக் கேட்டால் வியாபாரம் மூன்று மாதம் தள்ளிப் போகும். அப்போதும் கேட்பீர்களா என்பதை மாதக் கடைசியில்தான் சொல்ல முடியும்.

கொத்தனார் மகன்:
அண்ணா, குளியலறைச் சுவர் விஷயத்தில் நீங்கள் சொன்னது எனக்கு அப்போது தெரியாது. அந்த வீட்டுக்காரர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். இத்தனை நாளாக நான் செய்ததுதான் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது மாடி:
ஈரநிலம், கேட்க மறந்துவிட்டேன். உங்களைக் கூப்பிடுகிறவர் முதல் வேலையாக என்ன செய்யச் சொன்னார்?

ஈரநிலம்:
தெரிந்தவர்கள் 100 பேருடைய பெயரும் நம்பரும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். 31 பேர் எழுதியிருந்தேன். அதில் 22 பேர் வார்டில் பழக்கமானவர்கள், நோயாளிகளின் பிள்ளைகள், மனைவிமார். அவர்கள் வேறு காரணத்துக்காக என்னை நம்பி நம்பர் கொடுத்தவர்கள். இன்று காலையில் அந்த 22 பெயரையும் அடித்துவிட்டேன். மிச்சம் 9 பேர். சொந்தக்காரர்கள், பழைய தோழிகள். இவர்களோடு ஆரம்பிக்கலாமா?

கடைசிப் பக்கம்:
முதல் ஆறு மாதம் ஒருவரையும் கூப்பிடாதீர்கள். சின்னச் சம்பளமாக இருந்தாலும் அலுவலக வேலையாகக் கேளுங்கள். முடிந்துபோன விற்பனைகளின் கோப்புகளை எடுத்து, இன்றைய உரிமையாளரிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். சொத்து எத்தனை கை மாறியது, ஒவ்வொரு முறையும் யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் போடவில்லை என்று தாளில் வரைந்து பாருங்கள். 50 கோப்பு முடித்தபின் அந்த 9 பேரைப் பற்றி யோசிக்கலாம்.

நாலாவது மாடி:
அதில் ஒருவரையாவது இப்போதே கூப்பிடுங்கள் என்பேன். விற்க வேண்டாம். போன தடவை வீடு வாங்கும்போது அவருக்கு எது புரியாமல் போனது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோப்பைப் படியுங்கள்.

ஈரநிலம்:
சரி. அக்காவைக் கூப்பிடுகிறேன். அவள் போன வருடம்தான் வீடு வாங்கினாள். சம்பளம் பற்றித் திங்கட்கிழமை அவரிடம் கேட்டுவிட்டு, என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுகிறேன்.