691 என்றால் பாஸ்வேர்டு தப்பு என்று யார் சொன்னது?

கும்பகோணத்திலிருந்து:

2001 வாக்கில் எங்கள் வீட்டுக்கு ஒரு கணினி வந்தது. சித்தப்பா எங்கிருந்தோ பழையதாக வாங்கிக் கொடுத்தது. விண்டோஸ் 98, 32 எம்பி ராம், உள்ளேயே ஒரு 56கே மோடம், அதாவது போன் லைன் வழியாக இணையத்துக்குப் போக வைக்கும் கருவி. இணையத்தை அப்போது மணிக்கணக்கில், உறையில் போட்டு விற்பார்கள். பிரித்தால் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அச்சிட்ட ஒரு தாள் இருக்கும். 172 என்று தொடங்கும் ஆறு இலக்க எண்ணுக்கு டயல் ஆகும். கீச்சென்று கத்தி, இரைந்து, அடங்கினால் உள்ளே போய்விட்டோம் என்று அர்த்தம்.

ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு சாயங்காலம் பிழை 691. பெயரோ பாஸ்வேர்டோ தவறு என்றது. தாளைப் பார்த்து எழுத்தெழுத்தாக அடித்தேன். கேப்ஸ் லாக் பார்த்தேன். அது பூஜ்ஜியமா, ஓ என்ற எழுத்தா என்று தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பலிக்கவில்லை. மறுமுனை மோடம் எடுத்துவிட்டாலே ஒரு போன் கால் பில்லில் ஏறிவிடும், உள்ளே விட்டாலும் விடாவிட்டாலும். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, "இதோட பதினாலு" என்றார். கீச்சுச் சத்தத்தை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார் மனுஷன்!

மறுநாள் காலையில் அதே பாஸ்வேர்டு வேலை செய்தது. சாயங்காலம் மறுபடி 691. உதவி எண்ணுக்குப் போன் செய்தால், "பாஸ்வேர்டை மாத்திட்டீங்களா சார்?" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இப்படியே பத்து நாள் போனது.

விஷயம் பாட்டியின் அறையில் இருந்தது. அங்கே ஒரு பேரலல் போன், அதே லைனில் மாட்டிய இரண்டாவது போன். சாயங்காலம் பாட்டி அத்தையோடு பேச ரிசீவரை எடுப்பார், எனக்கு இணைப்பு அறுந்துபோகும். இது எனக்குத் தெரியும். தெரியாதது இதுதான்: அப்படித் திடீரென்று அறுந்தால், நான் போய்விட்ட சேதி சில சமயம் மறுமுனை சர்வருக்குப் போய்ச் சேராது. அதன் கணக்கில் நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன். ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் ஒருவர்தான் என்பது விதி. ஆகவே திரும்ப வருகிற என்னையே யாரோ என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறது. அதற்குத் தனிப் பிழை எண் எல்லாம் கிடையாது, அதே 691 தான். கால் மணி நேரம் சும்மா இருந்துவிட்டு டயல் செய்தால் சரி. கம்ப்யூட்டர் சென்டர் அண்ணன் ஒருவர் இதைச் சொன்னபோது, அந்தப் பதினாலு போன் காலுக்கான காசை யாரிடம் கேட்பது என்றுதான் தோன்றியது.

தூத்துக்குடியிலிருந்து:

அண்ணே, எங்கள் வீட்டு வில்லன் பாட்டி இல்லை, தம்பி. எங்களுக்கும் விண்டோஸ் 98 தான். பாஸ்வேர்டைச் சேமித்து வைக்கும் கட்டம் ஒருநாள் சாம்பல் நிறமாகிவிட்டது, டிக் போடவே விடவில்லை. தினமும் பதினோரு எழுத்தைக் கையால் அடிப்பேன். அவசரத்தில் ஒன்று மாறும், 691 வரும். கடைசியில் பார்த்தால், கணினி தொடங்கும்போது விண்டோஸ் பெயர் கேட்கும் பெட்டியைத் தம்பி தினமும் எஸ்கேப் அடித்துத் தாண்டியிருக்கிறான். அப்படி உள்ளே போனால் விண்டோஸுக்கு நாம் யார் என்றே தெரியாது, யாருக்கென்று சேமிக்கும்? பெயரைக் கொடுத்து ஓகே அழுத்தியதும் கட்டம் திரும்ப வந்தது. அப்படியும் வராவிட்டால் விண்டோஸ் ஃபோல்டரில் பிடபிள்யூஎல் (.pwl) என்று முடியும், பாஸ்வேர்டுகளை வைத்திருக்கும் ஃபைலுக்கு வேறு பெயர் வைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். பக்கத்து வீட்டில் அதைச் செய்தே நான் பெரிய ஆளாகிவிட்டேன்.

சென்னையிலிருந்து:

தம்பிகளா, நான் கொஞ்சம் பழைய ஆள். அப்போது அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15-ல் பொதுமக்களுக்கு இணையம் கொடுக்க ஆரம்பித்த நான்கு நகரங்களில் சென்னையும் ஒன்று. அப்போது மாணவர்களுக்கு ஷெல் கணக்கு என்று ஒன்று இருந்தது. படமே வராது, வெறும் எழுத்துதான். நான் அப்படி ஒரு கணக்கில் இருந்தவன். விண்டோஸ் 95-ல் ஹைப்பர்டெர்மினல் என்று டயல் செய்து வேறு கணினியோடு பேசும் ஒரு புரோகிராம் இருந்தது, அதில் டயல் செய்தால் கறுப்புத் திரையில் லாகின் கேட்கும்.

பெயரை அடிக்கும்போது ஓர் எழுத்து தவறினால் பேக்ஸ்பேஸ் தட்டித் திருத்துவேன். திரையில் பெயர் அச்சாகச் சரியாக இருக்கும். ஆனால் உள்ளே விடாது. ஒரே தவணையில் தவறில்லாமல் அடித்தால் விட்டுவிடும். இதை நான் வெகுநாள் ராசி என்றே நம்பிக்கொண்டிருந்தேன்! உண்மையில் அந்தப் பக்கக் கணினியில் ஓடிய யூனிக்ஸ் என்ற இயங்குதளம், அழிப்பதற்கு வேறொரு குறியை எதிர்பார்த்திருக்கிறது. என் பேக்ஸ்பேஸ் திரையில் கர்சரை மட்டும் பின்னால் தள்ளியது. அங்கே போய்ச் சேர்ந்ததோ தவறான எழுத்து, பேக்ஸ்பேஸ், சரியான எழுத்து மூன்றும்தான். பாஸ்வேர்டில் இன்னும் மோசம், அது திரையிலேயே தெரியாது.

ஹைப்பர்டெர்மினல் செட்டிங்கில் பேக்ஸ்பேஸ் எதை அனுப்ப வேண்டும் என்று ஒரு தேர்வு இருக்கும். அதை டெலீட் என்று மாற்றினேன். அன்றிலிருந்து என் ராசியும் நன்றாகிவிட்டது.